இறாலும் கிரிட்ஸும்: மூன்று ஊரில் மூன்று தட்டு, எதுதான் அசல்?

சோளரவை_புதுசு:

அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட்டுக்கு வேலை மாறி வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்தத் தெற்கத்திக்காரர்களிடம் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பினால் ஐந்தாவது நிமிடத்தில் ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ் (வெந்த மக்காச்சோள நொய்யும் இறாலும்) வந்துவிடுகிறது. சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று போகிற ஊரிலெல்லாம் அதையே வாங்கிச் சாப்பிட்டேன். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

இதே மாநிலத்துச் சேப்பல் ஹில்லில் தந்தது சீஸ் கலந்த கிரிட்ஸ், மேலே காளான், பேக்கன் துண்டு, எலுமிச்சை வாசம். குழம்பு என்று எதுவுமே கிடையாது. தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் பழுப்பு நிறக் குழம்பு ஊற்றி, உப்புக்கண்டம் மாதிரி ஏதோ பன்றி இறைச்சி போட்டு வந்தது. லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில் தலையோடு இறால், வெண்ணெய் மிதக்கிற மிளகுச் சாறு, கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டார்கள். இது போதாதென்று போன வாரம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கடையில் ஆரஞ்சு நிற கிரீம் சாஸ். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பனீர் பட்டர் மசாலா.

இதில் எது உண்மையானது? சமைத்துப் பார்க்க ஆசை. எதைப் பார்த்துச் சமைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

கஞ்சிக்கலயம்:

மக்காச்சோள உப்புமா மேலே இறால் தொக்கு. இதுக்கு எதுக்குங்க ஆராய்ச்சி.

உப்பங்கழி:

கலயம், உப்புமா என்று சொன்னதற்காக இந்த ஊரில் உங்களை விருந்துக்கே கூப்பிட மாட்டார்கள் :)

புதுசு தம்பி, நான் பதினெட்டு வருடமாக மவுண்ட் பிளசன்ட்டில் இருக்கிறேன், சார்ல்ஸ்டனுக்குப் பாலம் தாண்டினால் வருகிற ஊர். ஷெம் க்ரீக்கில் இறால் படகு கட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் வேலைக்குப் போகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இது இங்கே ராத்திரி உணவே இல்லை. காலைச் சாப்பாடு. கடற்கரையை ஒட்டிய உப்பங்கழிகளில் வீச்சுவலை போட்டால் விரல் நீளம்கூட இல்லாத பொடி இறால் கிடைக்கும். அதை உரித்து, வெண்ணெயிலோ பேக்கன் கொழுப்பிலோ இரண்டு நிமிடம் வதக்கி, வெந்த மக்காச்சோள நொய் மேலே போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அவ்வளவுதான். 1930இல் வந்த சார்ல்ஸ்டன் சமையல் புத்தகம் ஒன்றில் இது இருக்கிறது, இறாலும் வெண்ணெயும் உப்பும் மிளகும், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. 1950இல் இந்த ஊர் ஜூனியர் லீக் என்ற தொண்டுச் சங்கப் பெண்கள் வெளியிட்ட சமையல் தொகுப்பில் 'காலை உணவு இறால்' என்றே ஒரு குறிப்பு உண்டு. அதில் வெங்காயம், பச்சைக் குடமிளகாய், பேக்கன் கொழுப்பு, கொஞ்சம் மாவு போட்டுக் குழம்பாக்குகிறார்கள். சீஸ் இல்லை. காளான் இல்லை. கிரீம் இல்லை.

இன்னொரு விஷயம், அந்தப் பழைய புத்தகங்களில் வெந்ததைக் கிரிட்ஸ் என்று சொல்வதில்லை. பழைய சார்ல்ஸ்டன்காரர்களுக்குக் கடையில் நொய்யாக வாங்குவதுதான் கிரிட்ஸ், வெந்து தட்டுக்கு வந்துவிட்டால் அதன் பெயர் ஹாமினி. நாம் அரிசி, சோறு என்று இரண்டு பெயர் வைத்திருக்கிறோமே, அந்தக் கணக்கு. வெளியூர்க்காரர்களுக்கு ஹாமினி என்றால் சுண்ணாம்பிலோ காரத்திலோ ஊறவைத்துத் தோல் நீக்கிய முழு மக்காச்சோளம், அதனால் இந்த ஊர்க் கிழவர்களோடு பேசும்போது இருவருக்கும் தலையும் புரியாது வாலும் புரியாது.

நீங்கள் இங்கே சாப்பிட்ட அந்த உப்புக்கண்டம் தாஸோ, காரம் தடவிப் புகைபோட்ட பன்றி இறைச்சி. அது லூசியானா சரக்கு. சார்ல்ஸ்டன் உணவகங்கள் பிற்பாடு எடுத்துக்கொண்டது. ஆக, சார்ல்ஸ்டனிலேயே நீங்கள் சார்ல்ஸ்டன் சமையலைச் சாப்பிடவில்லை.

சேப்பல்ஹில்_செல்வி:

உப்பங்கழி அண்ணன் சொன்ன கதை முழுக்கச் சரி. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் எங்கள் ஊருக்கு அநியாயம்.

சார்ல்ஸ்டன் கரையில் மீனவர் வீட்டில் இருந்த ஒரு காலைச் சாப்பாட்டை இன்று சியாட்டில் வரைக்கும் உணவகப் பட்டியலில் பார்க்கிறோம் என்றால் அதற்குக் காரணம் சேப்பல் ஹில்லில் பில் நீல் என்ற ஒரு சமையல்காரர். முன்னே பிரெஞ்சு உணவகம் நடத்தியவர், 1982இல் க்ரூக்ஸ் கார்னர் என்ற இடத்தை இன்னொருவரோடு சேர்ந்து ஆரம்பித்தார். கூரை மேலே ஒரு பன்றிச் சிலை நிற்கும், வழி கேட்டால் அதைத்தான் அடையாளம் சொல்வார்கள். 1985இல் நியூயார்க் டைம்ஸில் சாப்பாடு பற்றி எழுதிக்கொண்டிருந்த க்ரெய்க் க்ளெய்போர்ன் வந்து சாப்பிட்டுவிட்டு, செய்முறையைப் பத்திரிகையில் போட்டார். அவர் மிசிசிப்பியில் பிறந்தவர், கிரிட்ஸ் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அங்கிருந்துதான் நாடு முழுக்கப் போனது.

நீல் செய்தது என்ன என்றால், பேக்கனைப் பொடியாக வெட்டிப் பொரித்து எடுத்துவிட்டு, அந்தக் கொழுப்பில் இறால், உடனே காளான், வெங்காயத்தாள், பூண்டு, கடைசியில் எலுமிச்சைச் சாறும் டபாஸ்கோ மிளகாய் சாஸும். அடியில் செடார், பார்மசான் என்று இரண்டு சீஸும் கலந்த கிரிட்ஸ். மாவு கரைத்த குழம்பு கிடையாது. வாணலியில் இருந்து நேராகத் தட்டுக்கு. ஒரு பிரெஞ்சு சமையல்காரர் கை என்று பார்த்தாலே தெரியும், எல்லாம் தனித்தனியாக ருசிக்கும்.

படிக்கிற காலத்தில் பிறந்தநாளுக்குக் காசு சேர்த்து அங்கே போவோம். 2021இல் மூடிவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே துக்கம்.

உப்பங்கழி:

செல்விம்மா, மறுக்கவே இல்லை. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நீலிடம் வேலை பார்த்த ராபர்ட் ஸ்டெலிங் 1996இல் சார்ல்ஸ்டனில் ஹாமினி கிரில் தொடங்கினார். காளான், பேக்கன், வெங்காயத்தாள் எல்லாம் போட்ட அதே வகை. ஊரே வரிசையில் நின்றது, 2019இல் அவர் மூடும்வரைக்கும். சார்ல்ஸ்டனுக்குச் சுற்றுலா வந்தவர்கள் இதுதான் பாரம்பரியம் என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இங்கே வீட்டுக் கொல்லையில் பிறந்த பிள்ளை வட கரோலினாவில் படித்து, கோட்டு போட்டுக்கொண்டு சொந்த ஊருக்கே வந்து இறங்கியது, சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. என் வாதம் இவ்வளவுதான்: ஊர் ஊராக வித்தியாசம் என்று நாம் நினைப்பதில் பாதி உண்மையில் வீட்டுக்கும் உணவகத்துக்கும் உள்ள வித்தியாசம்.

டெல்டா_மாப்ள:

இன்னொரு கிளையும் சேர்த்துக்குங்க. ஜான் கரன்ஸ், அவரும் நீலிடம் வேலை பார்த்தவர், 1992இல் மிசிசிப்பியில் ஆக்ஸ்ஃபோர்டில் சிட்டி க்ரோசரி திறந்தார். அங்கே இதுதான் பெயர் போன பதார்த்தம். கடலே இல்லாத ஊர்! வளைகுடாக் கரையிலிருந்து பல மணி நேரப் பயணம். அதனால் மிசிசிப்பி வகை என்று யாராவது தனியாகச் சொன்னால் நம்பாதீர்கள், வடக்கு மிசிசிப்பியில் கெளுத்திதான் ராஜா.

நியூஆர்லியன்ஸ்_நாகு:

எங்கள் ஊர்த் தட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புதுசு சாப்பிட்டது எங்கள் ஊர் பார்பெக்யூ ஷ்ரிம்ப். பெயரில் மட்டும்தான் பார்பெக்யூ. கரி கிடையாது, புகை கிடையாது, தக்காளி சாஸ் கிடையாது. பயமுறுத்துகிற அளவு வெண்ணெய், கருமிளகு, பூண்டு, வூஸ்டர்ஷயர் சாஸ், தலையோடு இறால். தலையில் உள்ள கொழுப்பு கரைந்துதான் அந்தச் சாறுக்கு நிறமே வரும், தலையைக் கிள்ளிவிட்டுச் செய்தால் வெறும் வெண்ணெய்த் தண்ணீர். இதற்குச் சரியான துணை பிரெஞ்சு ரொட்டி, பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவது. கிரிட்ஸ் மேலே ஊற்றியது பின்னால் வந்த பழக்கம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், லூசியானாவில் இறாலுக்குக் காலாகாலமாகத் துணை சோறுதான். எட்டுஃபே, ஷ்ரிம்ப் க்ரியோல், கம்போ, எல்லாமே சோற்றோடு. கிரிட்ஸ் எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் அது கிரியாத் என்ற மாட்டிறைச்சிக் குழம்போடு ஞாயிறு காலையில் வரும். இறாலும் கிரிட்ஸும் ஒரே தட்டுக்கு வந்தது மற்ற ஊர்க்காரர்கள் கேட்க ஆரம்பித்த பிறகு. அப்போதும் நாங்கள் எங்கள் வழியில்தான் செய்தோம்: வெங்காயம், செலரி, குடமிளகாய், கூட அந்தூயி என்ற பன்றி இறைச்சி சாசேஜ், மாவைக் கொழுப்பில் வறுத்த ரூ. சுருக்கமாகச் சொன்னால், சோறு இருந்த இடத்தில் கிரிட்ஸை உட்கார வைத்துவிட்டோம்.

நெடுஞ்சாலைக் கடை ஆரஞ்சு சாஸ்காரர்கள் அதில் 'கேஜன்' (லூசியானாவின் பிரெஞ்சு வழிவந்த மக்கள்) என்று எழுதியிருந்தால் தயவுசெய்து எங்கள் தலையில் கட்டாதீர்கள். எந்தக் கேஜன் பாட்டியும் அப்படி ஒரு கிரீம் சாஸை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

சோளரவை_புதுசு:

எழுதியிருந்தார்கள் :( 'கேஜன் க்ரீம் சாஸ்' என்று.

சவானா_சுமதி:

எல்லாரும் உணவகப் பெயராகவே சொல்லிக்கொண்டு போகிறீர்கள். அந்த உப்பங்கழியில் வலை வீசியது யார், அதிகாலையில் அடுப்பு மூட்டியது யார்? 1930 புத்தகம் வரும்போதே அந்த வீட்டுச் சமையலறைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள்தானே. சார்ல்ஸ்டனில் கறுப்பின மீனவர்களின் சிறு படகுக் கூட்டத்துக்கு 'கொசுப் படை' என்றே பெயர். அவர்கள் கொண்டுவந்ததைத்தான் தெருத் தெருவாகக் கூவி விற்றார்கள்.

கல்லா கீச்சி மக்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, இந்தத் தீவுகளிலும் நெல் வயல்களிலும் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள். 2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்காக ஒரு பண்பாட்டு வழித்தடத்தையே அறிவித்தது, வட கரோலினாவின் தென்கரையில் தொடங்கி இரண்டு மாநிலம் தாண்டி ஃப்ளோரிடாவின் வடகரை வரைக்கும் போகிறது. இறால்-கிரிட்ஸுக்கு ஒரு வரைபடம் போடச் சொன்னால் நான் அந்தக் கோட்டைத்தான் போடுவேன். மாநில எல்லைக்கு இதில் வேலையே இல்லை. கடலிலிருந்து நூறு மைல் உள்ளே போனால் அதே தெற்கு கரோலினாவில் பழைய ஆட்கள் இறாலை விட்டுவிட்டு மீன் வறுவலும் கிரிட்ஸும் என்பார்கள்.

என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஒரு தீவில் பிறந்து வளர்ந்தவர். அவர் செய்வதைக் கூட நின்று பார்த்திருக்கிறேன். இரும்பு வாணலியில் கொழுப்பு, மாவு. மாவு வேர்க்கடலைத் தோல் நிறத்துக்கு வரும்வரை கரண்டியை நிறுத்தவே மாட்டார். வெங்காயம் போட்டவுடன் 'சொய்ங்' என்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் வராவிட்டால் சூடு போதாது என்று திட்டுவார். பிறகு தண்ணீர், உப்பு, மிளகு. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இறாலைப் போடுவார்! அந்தக் கொதிக்குழம்பின் சூட்டிலேயே வெந்துவிடும். அடுப்பு மேலேயே வைத்து வேகவிட்டால் ரப்பர் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு, சரியான கணக்கு.

நான் ஒரு தடவை சீஸ் போடலாமா என்று கேட்டுவிட்டேன். "உன் இறால் அவ்வளவு பழசா?" என்றார்.

கஞ்சிக்கலயம்:

அந்த அம்மா கேட்ட கேள்வியிலேயே இழை முடிஞ்சிருச்சு.

சேப்பல்ஹில்_செல்வி:

முடியவில்லை. சீஸ் பழைய இறாலை மறைக்க என்றால் மீன் குழம்பில் புளி எதற்கு? பார்மசானும் இறாலும் சேரும்போது வருகிற அந்த உப்பும் இனிப்பும் எனக்குப் பிடித்திருக்கிறது, நான் தேவைக்குச் சமைக்கிறேன், அருங்காட்சியகத்துக்கு இல்லை.

சுமதி அக்கா சொன்ன பெருமை யாருக்குச் சேர வேண்டும் என்ற விஷயத்தில் மட்டும் முழு உடன்பாடு.

உப்பங்கழி:

சுமதி சொன்னதற்கு நான் தலைகுனிகிறேன், என் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சீஸ் சண்டையை விட முக்கியமான சண்டை ஒன்று இருக்கிறது, சோளம். புதுசு, நீங்கள் எந்த வகை செய்தாலும் தட்டில் முக்கால் பங்கு கிரிட்ஸ்தான், அதில் கோட்டை விட்டால் இறால் காப்பாற்றாது. கடையில் மூன்று வகை இருக்கும். இன்ஸ்டன்ட் என்பது ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியது, வெந்நீர் ஊற்றினால் போதும், அதைத் தொடவே தொடாதீர்கள், சுவர் ஒட்டுகிற பசை. க்விக் என்பது ஐந்து நிமிடத்தில் வேகும், பொடியாக உடைத்து முளையையும் தவிட்டையும் நீக்கியது, அவசரத்துக்குப் பரவாயில்லை. கல்லில் உடைத்தது ஒன்று இருக்கும், ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும், ஆனால் மூடியைத் திறந்தால் புதுச் சோளத்தின் வாசனை வரும். முளையோடு இருப்பதால் எண்ணெய் சீக்கிரம் கெடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே அலமாரியில் மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும்.

1998இல் எங்கள் மாநிலத்துக் கொலம்பியா நகரில் க்ளென் ராபர்ட்ஸ் என்று ஒருவர் ஆன்சன் மில்ஸ் என்ற ஆலையைத் தொடங்கி, பழைய சோள ரகங்களைத் தேடித் தேடி விதைத்து அரைக்க ஆரம்பித்தார். இன்றைக்கு நல்ல உணவகங்களில் கிரிட்ஸ் கிரிட்ஸாக ருசிக்கிறது என்றால் அதில் அவர் பங்கு நிறைய.

வெள்ளைச் சோளமா மஞ்சள் சோளமா என்று கேட்பீர்கள். கரையில் பெரும்பாலும் வெள்ளை. நான் இரண்டும் சாப்பிடுவேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

மருந்துச்சீட்டு:

ஒரு சின்ன இடைச்செருகல், திட்டாதீர்கள். தவிடும் முளையும் நீக்கிய சோளத்தையே நம்பி வாழ்ந்ததால்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தெற்கு மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆளைக் கொன்றது. தோல் உரியும், பேதி, புத்தி பேதலிக்கும். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914 முதல் ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர்தான் சாப்பாட்டில் உள்ள குறை என்று அடித்துச் சொன்னார். பூர்வகுடிகள் சோளத்தைச் சாம்பல் நீரில் ஊறவைத்தது சும்மா இல்லை, அந்தக் காரத்தில் நியாசின் சத்து விடுபடும். சோளத்தை வாங்கிக்கொண்டவர்கள் அந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். ஏழை வீட்டில் கிரிட்ஸ் மேலே நாலு இறால் விழுந்தது வெறும் ருசிக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம், கிரிட்ஸில் சர்க்கரை போடுகிறவர்கள் இங்கே யாராவது உண்டா?

டெல்டா_மாப்ள:

டாக்டர், அந்தக் கேள்வியை மட்டும் ஆரம்பிக்காதீங்க. என் ஆபீஸில் இரண்டு பேர் இதனால் ஒரு மாதம் பேசாமல் இருந்தாங்க.

நாகூர்_மாலுமி:

சலாம். இவ்வளவு நேரம் படித்து நாக்கு ஊறியதுதான் மிச்சம். பேக்கன், தாஸோ, அந்தூயி, எல்லாமே பன்றி. அட்லாண்டாவில் ஒரு தடவை "இறால்தானே" என்று நம்பி வாங்கப் போய், நல்ல வேளை பரிமாறும் பெண்ணே சொல்லிவிட்டாள், கிரிட்ஸ் வேகிற தண்ணீரே பன்றி எலும்புச் சாறு என்று. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் வழியே இல்லையா?

உப்பங்கழி:

வ அலைக்கும் சலாம் மாலுமி. உங்களுக்குத்தான் பழைய வழி இருக்கிறதே. மேலே சொன்ன 1930 வகையில் வெறும் வெண்ணெய்தான். அதை இன்னும் உயர்த்த வேண்டுமென்றால் இறால் தலையையும் ஓட்டையும் தூக்கிப் போடாமல் இருபது நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, பாதிப் பங்கு அந்தத் தண்ணீர், பாதி பால் என்று கிரிட்ஸை வேகவையுங்கள். புகை வாசம் கட்டாயம் வேண்டும் என்றால் புகைபோட்ட மிளகாய்த்தூள் அரை ஸ்பூன். வான்கோழி பேக்கன் வேண்டாம், அதில் கொழுப்பே விடாது, வாணலியில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். வெளியே சாப்பிடும்போது மட்டும் நீங்கள் செய்த மாதிரியே கேட்டுவிடுங்கள், சொல்லாமல் போடுகிற கடைகள் நிறைய.

நியூஆர்லியன்ஸ்_நாகு:

இறால் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் சாப்பிடுகிற இறாலில் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாட்டுச் சரக்கு. அதில் பல வருடமாக முதலிடம் இந்தியாவுக்கு, பெரும்பாலும் ஆந்திராவின் பண்ணை இறால். 'தெற்கத்திப் பாரம்பரியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், தட்டில் கிடப்பது பீமாவரத்துப் பிள்ளையாக இருக்கும். லூசியானாவில் 2019இல் ஒரு சட்டமே வந்தது, இறக்குமதி இறால் என்றால் உணவகம் வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று. பண்ணை இறால் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சாப்பாட்டில் இறால் ஒளிந்துகொள்ள மசாலா எதுவும் இல்லை, வித்தியாசம் உடனே தெரியும்.

எங்கள் வளைகுடாவில் வருகிற பழுப்பு இறாலுக்கு அயோடின் வாடை கொஞ்சம் தூக்கல். அதனால்தான் எங்களுக்கு ரூவும் மிளகும் தேவைப்படுகிறது. வெள்ளை இறால் இனிப்பு, அதற்கு வெண்ணெய் போதும்.

உப்பங்கழி:

நாகு சொன்ன கடைசி வரிதான் பாதி விடை. எங்கள் பக்கம் ஐப்பசி மாதக் கணக்கில் கிடைப்பது வெள்ளை இறால். செப்டம்பரில் தொடங்கி 60 நாள் தெற்கு கரோலினாவில் ஒரு பருவம் உண்டு, அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டு பத்து கம்பு வரை ஊன்றி, களிமண்ணில் மீன்தூள் பிசைந்த உருண்டையைக் கம்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, இருட்டில் படகில் ஒவ்வொரு கம்பாகப் போய் வலை வீசலாம். ஒரு நாளுக்குத் தலையோடு 48 குவார்ட் (சுமார் 45 லிட்டர்) வரைதான், ஒரு பெரிய ஐஸ்பெட்டி நிறையும். நான் இதுவரை அதில் பாதியைக்கூடத் தாண்டியதில்லை. முதல் வருடம் வலை விரியவே இல்லை, பழமாக உருண்டு தண்ணீரில் 'தொப்' என்று விழுந்தது, பக்கத்துப் படகுக்காரர் அதை இன்னும் மறக்கவில்லை. வலையின் ஈயக் குண்டுக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வீச வேண்டும், உப்பும் சேறும் வாய்க்குள் போகும். விடியற்காலை வீட்டுக்கு வந்து அந்தப் பொடி இறாலை உரிக்க உட்கார்ந்தால் கட்டைவிரல் நகக்கண் எரியும். அதற்கப்புறம் சாப்பிடுகிறோமே, அதில் காளானுக்கு இடம் எங்கே இருக்கிறது?

சேப்பல்ஹில்_செல்வி:

அண்ணே, அடுத்த அக்டோபரில் அரை ஐஸ்பெட்டி இங்கே அனுப்புங்கள். காளான் இல்லாமலே சமைக்கிறேன்.

சோளரவை_புதுசு:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை செய்துவிட்டேன், சுமதி அக்கா பக்கத்து வீட்டு அம்மா முறையில். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கல்லில் உடைத்த வெள்ளை கிரிட்ஸ் வாங்கினேன். ஒன்றுக்கு நாலு பங்கு தண்ணீர் என்று பையில் போட்டிருந்தது. ரவை கொட்டுகிற மாதிரி கொதிக்கிற தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டினேன், கட்டி கட்டியாகிவிட்டது. அதை எறிந்துவிட்டு இரண்டாவது தடவை பச்சைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றினேன். மேலே உமி மாதிரி மிதந்தது, கரண்டியால் வழித்து எடுத்தேன், சரிதானா? இருபதாவது நிமிடம் ஒரு போன் வந்தது, பேசிவிட்டு வந்து பார்த்தால் அடிப்பிடித்துவிட்டது. கிளறாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி இன்னும் தண்ணீர் ஊற்றி மறுபடி நாற்பது நிமிடம். உப்பை முதலிலேயே போட்டிருக்க வேண்டும் போல, கடைசியில் போட்டது சரியாகப் பிடிக்கவில்லை.

குழம்புதான் நன்றாக வந்தது. மாவு வறுபடும்போது அந்த வேர்க்கடலை நிறம், அப்புறம் வெங்காயத்தின் சத்தம், சுமதி அக்கா எழுதியது அப்படியே காதில் கேட்டது. இறாலைப் போட்டு அணைத்துவிட்டு மூடியைப் போட்டேன், நாலு நிமிடம் கழித்துத் திறந்தால் எல்லாம் இளஞ்சிவப்பாகத் திரும்பியிருந்தது. மனைவி சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தாள். முதல் வாயில் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது வாயில், "ஒரு வெங்காய ஊறுகாய் இருந்தால் நல்லா இருக்கும்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

சேப்பல் ஹில் வகை அடுத்த வாரம், செல்வி அக்கா கோபப்பட வேண்டாம்.

இப்போது ஒரு சந்தேகம். மிஞ்சிய கிரிட்ஸை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் கல் மாதிரி இறுகி, கவிழ்த்தால் டப்பா வடிவத்திலேயே வந்து விழுகிறது. குப்பையில் போடுவதா?

சவானா_சுமதி:

போடாதே தம்பி! உமியை வழித்தது சரிதான். அந்தக் கட்டியை விரல் கனத்துக்குத் துண்டு போடு, லேசாக மாவில் புரட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுகலாக எடு. அவசரப்பட்டுத் திருப்பாதே, அடி தானாகக் கல்லை விடும்வரை கைவைக்கக் கூடாது. இங்கே எல்லா வீட்டிலும் மறுநாள் அதுதான்.

கஞ்சிக்கலயம்:

நான் உப்புமான்னு சொன்னப்ப எல்லாரும் அடிக்க வந்தீங்க. இப்ப மிஞ்சின உப்புமாவை அடைதட்டிக்கிட்டு இருக்கீங்க.